கையெழுத்துப் போட முடியாத நாளுக்காக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருச்சியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்து அறையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் உட்கார்ந்திருப்பேன். பென்ஷன் படிவம், டெபாசிட் புதுப்பித்தல் என்று ஆரம்பிக்கிற பேச்சு, காபி வருவதற்குள் "எனக்கு ஏதாவது ஆயிட்டா..." என்ற இடத்துக்கு வந்துவிடும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல்களிடமும் பதிவு அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டதும், என் மேஜைக்கு முன்னால் நடந்து பார்த்ததும்தான் இதெல்லாம். சொத்து நிறைய, வீட்டில் பூசலும் உண்டு என்றால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சொல்வது எல்லாம் இந்தியச் சட்டப்படி.

உயில் எழுதி ரிஜிஸ்டரும் பண்ணியாச்சு சார். இன்னும் என்ன பாக்கி?

உயில் நீங்கள் போன பிறகுதான் வாய் திறக்கும். மூச்சு இருக்கும்வரை அது வெறும் காகிதம். பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தால், அந்த மூன்று வருஷத்துக்கு உங்கள் உயிலால் ஒரு மருந்துச் சீட்டுக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது.

நம் ஊரில் சாவுக்குத் தயாராகிறவர்கள் உண்டு. நாமினி போடுவார்கள், உயில் எழுதுவார்கள், காரியத்துக்குத் தனியாகப் பணம்கூட எடுத்து வைப்பார்கள். உயிரோடு இருக்கிறோம், ஆனால் பேசவோ கையெழுத்துப் போடவோ முடியவில்லை என்ற இடைக்காலத்துக்குத்தான் யாரும் எதுவும் செய்வதில்லை. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இடைக்காலத்தைப் பற்றியவை.

உயிலே இன்னும் எழுதல. அதுக்கு முதல்ல என்ன வேணும்?

ஒரு வெள்ளைத்தாள், தெளிந்த புத்தி, இரண்டு சாட்சிகள். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்பது அவ்வளவுதான். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளும் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களைவிட வயது குறைந்தவர்களாகப் பாருங்கள்; எண்பது வயது நண்பரைச் சாட்சி வைத்தால் அவர் உங்களுக்கு முன்னால் போய்விடலாம். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிச் செய்தால் அவருக்கு எழுதியதே செல்லாமல் போகும். இந்துக்களின் உயிலில் அந்த விதி இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடம் கொடுத்ததாகும். முஸ்லிம்களுக்கு ஷரியத் கணக்கு வேறு: வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது.

பதிவு செய்வது நல்லது என்பேன். சார்பதிவாளர் முன்னால் நேரில் போய் உட்கார்ந்ததே உங்களுக்குப் புத்தி தெளிவாக இருந்ததற்கு ஒரு சாட்சி. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் வேறு யாருக்கும் கிடைக்காது. வில்லங்கச் சான்றிலும் வராது. சென்னைக்காரர்கள் "புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கணுமே" என்று பயப்படுவார்கள். அதைக் கட்டாயமாக்கிய பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

பையன் பேருக்கு ஜெனரல் பவர் கொடுத்து வெச்சிருக்கேன். எனக்கு நினைவு தப்பிட்டா அவன் பாத்துப்பான் இல்லையா?

மாட்டான்; சட்டப்படி அவனால் முடியாது. நான் இதுவரை பார்த்ததிலேயே மிகப் பெரிய தவறான நம்பிக்கை இதுதான். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், பவர் கொடுத்தவர் இறந்தாலும் சரி, சித்தம் தெளிவாக இல்லாமல் போனாலும் சரி, பவர் அந்த நிமிஷமே முடிந்தது. குடை வாங்கி வைத்திருக்கிறீர்கள், மழை வந்தால் மட்டும் அது விரியாது.

காரணம் இருக்கிறது. பவர் ஏஜென்ட் உங்கள் கைக்குப் பதிலான கை. உங்களால் எதைச் செய்ய முடியுமோ அதைத்தான் அவர் உங்களுக்காகச் செய்ய முடியும். உங்களாலேயே முடியாது என்றான பிறகு அவருக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? இங்கிலாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் நினைவு தப்பிய பிறகும் செல்லுகிற தனி வகைப் பவர் இருக்கிறது. இந்தியாவில் இன்னும் இல்லை. பத்திரத்தில் "எனக்குச் சித்தசுவாதீனம் இல்லாமல் போனாலும் இந்தப் பவர் செல்லும்" என்று எழுதிக் கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எழுதிக்கொண்டால் சட்டம் மாறாது.

அப்போ பவர் எழுதறதே வீணா?

அப்படிச் சொல்ல மாட்டேன். முழங்கால் வலி, டயாலிசிஸ், கண் ஆபரேஷன் என்று உடம்பு ஒத்துழைக்கவில்லை, புத்தி தெளிவாக இருக்கிறது என்றால் பவர் மிகவும் உபயோகம். வாடகை வசூல், வீட்டு வரி, மின் இணைப்பு, வழக்கு என்று பையனோ பெண்ணோ அலையலாம். என்னென்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதிக் கொடுங்கள். சொத்தை விற்கும் அதிகாரத்தை, இப்போது தேவையில்லை என்றால் சேர்க்காதீர்கள். நிலம், வீடு சம்பந்தப்பட்ட பவர் என்றால் தமிழ்நாட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஏஜென்ட் பத்திரம் பதிய வரும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு லைஃப் சர்டிபிகேட்டும் கேட்பார்கள்.

அப்பா கோமாவுல இருக்கார். அவர் அக்கவுண்ட்டுக்கு நாமினி நான்தான். ஆஸ்பத்திரி பில்லுக்கு எடுத்துக்கலாமா?

முடியாது. நாமினியும் உயில் மாதிரிதான். கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகுதான் அந்தப் பெயருக்கு உயிர் வரும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்திருக்கிறது. நான்கு பேரும் சேர்ந்து வந்து நின்றாலும் அப்பா உயிரோடு இருக்கும்வரை ஒரு ரூபாய் எடுக்க முடியாது. இறந்த பிறகும் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான், சொந்தக்காரர் இல்லை. இது தனிக் கதை. அண்ணன் தம்பி சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கும்.

இந்தச் சங்கடத்துக்குச் சுலபமான முன்னேற்பாடு கூட்டுக் கணக்கு. கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும் "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற நிபந்தனையோடு இருந்தால், ஒருவர் கையெழுத்திலேயே பணம் எடுக்கலாம். வீட்டுச் செலவுக்கும் வைத்தியத்துக்குமான கணக்கையாவது இப்படி மாற்றி வையுங்கள்.

எங்க எஃப்.டி. எல்லாமே கூட்டுக் கணக்குதான், யாராவது ஒருத்தர் கையெழுத்து போதும்னு போட்டிருக்கு. நிம்மதிதானே?

பாதி நிம்மதி. முதிர்வு தேதி வந்த பிறகு பணம் வாங்க ஒரு கையெழுத்து போதும். அதற்கு முன்னால் உடைக்க வேண்டும் என்றால் இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள். அவசரத்துக்கு உடைக்கத்தான் எஃப்.டி. போட்டிருப்போம், அந்த அவசரத்தில் ஒருவர் ஐ.சி.யூ.வில் இருப்பார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இதைச் சொல்லி எத்தனை அம்மாக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. டெபாசிட் போடும்போதே, முன்கூட்டி எடுப்பதற்கும் ஒருவர் கையெழுத்து போதும் என்று இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. பெரிய தொகையை ஒரே ரசீதாகப் போடாமல், வேறு வேறு முதிர்வுத் தேதியில் நாலைந்தாகப் பிரித்துப் போடுவதும் உதவும்.

அம்மாவுக்குக் கை விளங்கல. ஆனா புத்தி தெளிவா இருக்கு. பேங்க்ல அவங்களையே கூட்டிட்டு வரச் சொல்றாங்களே?

கூட்டி வர வேண்டியதில்லை. நோய்வாய்ப்பட்டவர், மூப்பினால் முடியாதவர் கணக்கில் எப்படிப் பணம் கொடுப்பது என்று ரிசர்வ் வங்கி ரொம்ப நாளாகவே வழி சொல்லியிருக்கிறது. கைரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகையோ வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. ரேகைகூட வைக்க முடியாது என்றால், காசோலையிலோ படிவத்திலோ ஏதாவது ஒரு குறி போட்டால் போதும், அதே சாட்சிகளோடு. பணத்தை யார் வாங்கிக்கொள்வது என்பதையும் வாடிக்கையாளர் காட்ட வேண்டும். அவரும் இரண்டு சாட்சிகளால் அடையாளம் காட்டப்பட வேண்டும்.

ஒருமுறை நானே போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், இரண்டு கையிலும் கட்டு. மை பேடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனால், அவருடைய கால் பெருவிரலில் மை ஒட்டவே மாட்டேன் என்கிறது. தோல் அவ்வளவு காய்ந்திருந்தது. அவர் கூட இருந்த அம்மா ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, அதையும் துடைத்துவிட்டு, குழந்தைக்கு வைக்கிற மாதிரி மெதுவாக அழுத்தினார். மூன்றாவது தடவைதான் ரேகை விழுந்தது. வாத்தியார் என்னைப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்கா சார்?" என்றார். கிளையில் தெரியாது என்று சொன்னால் மேலாளரிடம் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் விண்ணப்பமும் கொடுங்கள்.

ஆனால் ஒன்று. இது புத்தி தெளிவாக இருப்பவருக்கான வழி. நினைவில்லாதவரின் விரலைப் பிடித்து மையில் ஒற்றுவது மோசடி. கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

நினைவே இல்லாதவர் சொத்தை விக்கணும்னா, பணம் எடுக்கணும்னா வழியே கிடையாதா?

இருக்கிறது, உயர் நீதிமன்றம் போக வேண்டும். கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிக்க என்று நேரடியான சட்டம் எதுவும் இல்லை. 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் மனநோயாளியின் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் போடும் வழி இருந்தது. 2017-இல் புதுச் சட்டம் வந்தபோது அந்தப் பகுதி காணாமல் போய்விட்டது. அந்த ஓட்டையை உயர் நீதிமன்றங்கள், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு அடைத்து வருகின்றன. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத குடிமகனுக்கு நீதிமன்றமே பெற்றோர் ஸ்தானத்தில் நிற்கும் என்பது அதன் அடிப்படை. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கு நடைமுறையே வகுத்துக் கொடுத்தது: மருத்துவர்கள் பரிசோதனை, வருவாய்த்துறை விசாரணை, காப்பாளர் அவ்வப்போது கணக்குக் காட்டுவது என்று.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024-இல் ஒரு வழக்கு. கணவர் கோமாவில். வைத்தியத்துக்காக அவர் பெயரில் உள்ள சொத்தை விற்க மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, மனைவியையே காப்பாளராக நியமித்து விற்க அனுமதி கொடுத்தது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் டெபாசிட் போட வேண்டும் என்றும் சொன்னது. வழி இருக்கிறது, ஆனால் வக்கீல் ஃபீஸும் மாதக்கணக்கில் அலைச்சலும் அதில் அடக்கம். ஒரு கூட்டுக் கணக்கு இருந்திருந்தால் முதல் ஆறு மாதச் செலவாவது சமாளித்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்க பையனுக்கு 22 வயசு, பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. அவனுக்கும் ஹைகோர்ட்டா?

வேண்டாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தால் சட்டபூர்வக் காப்பாளர் சான்று கொடுப்பார்கள். 18 வயது முடிந்ததும் பெற்றோர் என்ற முறையில் இருந்த அதிகாரம் போய்விடும் என்பது பல வீடுகளில் தெரியாது. கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பிறகு யார் காப்பாளர் என்பதையும் இப்போதே யோசித்துப் பேசி வையுங்கள்.

லிவிங் வில், லிவிங் வில்ங்கிறாங்களே, அது கருணைக்கொலைதானே?

இல்லை. ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் இன்றும் குற்றம்தான். லிவிங் வில் என்பது, மீள வாய்ப்பே இல்லை என்ற நிலையில் இயந்திரங்களால் என் மூச்சை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. நோய் தன் போக்கில் போக விடுவது. வலிக்கு மருந்து, சுத்தம், பராமரிப்பு எதையும் நிறுத்தச் சொல்வதில்லை.

இதன் பின்னால் ஒரு நீண்ட துயரம் இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-இல் தாக்கப்பட்டு நினைவில்லாமல் 42 வருஷம் படுக்கையில் கிடந்தார். அவருக்காக ஒரு பத்திரிகையாளர் போட்ட வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், அருணாவுக்கு அனுமதி மறுத்தாலும், செயற்கை உயிர்காப்பை விலக்குவது சில நிபந்தனைகளோடு அனுமதிக்கத் தக்கது என்றது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொல்லி லிவிங் வில்லை ஏற்றுக்கொண்டது. அப்போது வைத்த நடைமுறை ரொம்பக் கடினமாக இருந்தது. மாஜிஸ்திரேட் மேலொப்பம் வரை வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதைத் தளர்த்தினார்கள்.

சரி, அதை எழுத என்ன செய்யணும்?

18 வயது நிரம்பிய, தெளிந்த புத்தியுள்ள யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து. சாட்சிகள் கூடுமானவரை சொந்தபந்தம் இல்லாதவர்களாக இருக்கட்டும். பிறகு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ மேலொப்பமிட வேண்டும். அரசு டாக்டரோ அரசுக் கல்லூரிப் பேராசிரியரோ தெரிந்தவராக இருந்தால் அவரிடமே போகலாம். ஸ்டாம்ப் பேப்பர் பற்றித் தீர்ப்பில் பேச்சில்லை.

உங்களால் பேச முடியாதபோது உங்கள் சார்பில் சம்மதம் சொல்ல வேண்டியவர் யார் என்று பெயர் போட வேண்டும். ஒருவருக்கு மேலும் போடலாம். நகலை அவர்களிடமும், குடும்ப டாக்டர் இருந்தால் அவரிடமும் கொடுங்கள். ஒரு நகல் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அதிகாரியிடம் போக வேண்டும் என்கிறது தீர்ப்பு. எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் அலுவலகத்துக்குப் போனபோது, "இது எந்த செக்‌ஷன் சார்?" என்று நாலு மேஜை சுற்றினார்கள். கடைசியில் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்வதும் ஒரு வழி. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

அதுல என்னன்னு எழுதறது? "என்னைக் கஷ்டப்படுத்தாதீங்க"ன்னு எழுதினா போதாதா?

போதாது. எது கஷ்டம் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? எந்த நிலையில், எது வேண்டாம் என்று இரண்டையும் எழுத வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி தன் பேத்தியிடம் சொல்லி எழுதியது எனக்குப் பிடித்திருந்தது: "என்னால் இனி யாரையும் அடையாளம் கண்டுகொள்ள முடியாது, இது சரியாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால், மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம். டயாலிசிஸ் வேண்டாம். வலி தெரியாமல் மருந்து கொடுங்கள். முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்." இதைவிடத் தெளிவாக எந்த வக்கீலும் எழுதிவிட முடியாது. மூக்குக் குழாய் வழியாக உணவு பற்றியும் உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். வீட்டில் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

எந்த நிலையில் இது பொருந்தாது என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். நிமோனியா வந்து நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்து திரும்பி வருகிறவர்கள் ஏராளம். அந்த நாலு நாளையும் வேண்டாம் என்று சொல்வது உங்கள் எண்ணமா, இல்லையா?

இந்தக் காகிதத்தைக் காட்டின உடனே வென்டிலேட்டரை எடுத்துடுவாங்களா?

மாட்டார்கள், அதுதான் நமக்கும் பாதுகாப்பு. முதலில் ஆஸ்பத்திரியிலேயே ஒரு மருத்துவக் குழு: வைத்தியம் பார்க்கும் டாக்டரும், குறைந்தது ஐந்து வருஷ அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும். அவர்கள் ஒத்துக்கொண்டால் இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் பெயர் குறிப்பிட்டவரின் சம்மதம் வேண்டும். முடிவைச் செயல்படுத்துமுன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். குழு மறுத்தால் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றம் போகலாம்.

அம்மா எதுவும் எழுதி வைக்கல. இப்ப ஐ.சி.யூ.ல. டாக்டரே நம்பிக்கை இல்லைங்கிறார். என்ன பண்றது?

எழுதி வைக்காதவர்களுக்கும் தீர்ப்பில் வழி உண்டு. மேலே சொன்ன அதே இரண்டு குழுக்கள்தான். எழுதியவரின் சொல்லுக்குப் பதில் நெருங்கிய உறவினரின் சம்மதம். டாக்டரிடம் "மருத்துவக் குழுவைக் கூட்டச் சொல்லுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். வலி நிவாரணப் பிரிவு இருந்தால் அந்த டாக்டரையும் வரச் சொல்லுங்கள்.

நடைமுறையில் நம் ஊரில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். "எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதில் எனக்கு இருக்கும் வருத்தம், வலிக்கான மருந்தும் அதோடு நின்றுபோவதுதான். அப்படித்தான் போகிறீர்கள் என்றால் வீட்டில் கொடுக்க வேண்டிய மருந்து, ஆக்சிஜன், அழைத்தால் வருகிற நர்ஸ் இந்த மூன்றையும் ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள்.

மனநலச் சட்டத்திலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது, ஆனால் வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம், என் சார்பில் பேசுபவர் யார் என்று எழுதி வைக்கலாம். அது மனநோய்ச் சிகிச்சைக்கு மட்டும். லிவிங் வில்லுக்குப் பதிலாகாது.

மறதி நோய் ஆரம்பம்னு போன மாசம் டாக்டர் சொல்லிட்டார். இனிமே நான் எழுதினா செல்லுமா?

நோயின் பெயரைப் பார்த்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. எழுதும் நேரத்தில் என்ன எழுதுகிறோம் என்று புரிகிறதா என்பதுதான் கேள்வி. இடையிடையே தெளிவு வருகிறவர், தெளிவாக இருக்கும் நேரத்தில் உயில் எழுதலாம் என்று வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் பின்னால் யாராவது வழக்குப் போட்டால் நிரூபிக்க வேண்டுமே. அதனால் அதே தேதியில் நரம்பியல் அல்லது மனநல டாக்டரிடம் சான்று வாங்குங்கள், முடிந்தால் அவரையே சாட்சியாகப் போடச் சொல்லுங்கள். பதிவும் செய்துவிடுங்கள். கையெழுத்துப் போடும்போது பலன் பெறுகிற பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டாம்.

இதைப் படிக்கிறவர் நோயாளியின் பிள்ளையாக இருந்தால்: தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். கூட்டுக் கணக்கு, லிவிங் வில், உயில் மூன்றும் இந்த மாதம்.

இவ்வளவு தொல்லை எதுக்கு? எல்லாத்தையும் இப்பவே பையன் பேருக்கு செட்டில்மென்ட் பண்ணிட்டா?

பண்ணலாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. செலவு குறைவு என்பதால்தான் இவ்வளவு பேர் பண்ணுகிறார்கள். ஆனால் உயிலை நாளைக்கே மாற்றலாம், செட்டில்மென்ட்டை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து உங்கள் வீட்டில் நீங்கள் விருந்தாளி.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வரிகளை விடாமல் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, நீங்களும் உங்கள் துணையும் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை. இன்னொன்று, பெறுகிறவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் 60 வயதைக் கடந்தவர்கள் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாத பத்திரங்களிலும் நீதிமன்றங்கள் சில சமயம் இரக்கம் காட்டியிருக்கின்றன, சில சமயம் காட்டவில்லை. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி எழுதிக் கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூர்ல பொண்ணோட இருந்தப்போ எல்.பி.ஏ. பதிஞ்சிருக்கேன். இங்க உள்ள வீட்டுக்கு அது செல்லுமா?

எல்.பி.ஏ. என்பது மேலே சொன்ன, நினைவு தப்பிய பிறகும் செல்லுகிற சிங்கப்பூர்ப் பவர். அதை நம்பி இங்கே வீட்டை விற்கவோ வங்கியில் பணம் எடுக்கவோ முடியாது. அங்கே உள்ள வங்கி, அங்கே உள்ள வைத்தியம், அந்த அளவுக்கு அது நல்ல ஏற்பாடு. இந்தியச் சொத்துக்கு இந்தியத் தூதரகத்தில் மேலொப்பம் வாங்கிப் பவர் அனுப்பலாம்; இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பவருக்கும் மேலே சொன்ன 201-ஆவது பிரிவுதான். நினைவு தப்பினால் முடிந்தது.

கண் தானம், உடல் தானம் பண்ணணும்னு உயில்ல எழுதிட்டேன்.

தப்பான இடத்தில் எழுதிவிட்டீர்கள். உயிலைப் பிரிப்பது காரியமெல்லாம் முடிந்த பிறகு. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் வாயால் சொல்லுங்கள், கண் வங்கி நம்பரைக் காலண்டரில் எழுதி ஒட்டுங்கள். இமையை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஃபோன் பண்ண வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் உறுதிமொழி அட்டை வாங்கியிருந்தாலும் கடைசியில் குடும்பம் சம்மதித்தால்தான் நடக்கும். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்குக்கு 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அரசு மரியாதை உண்டு. தயங்குகிற மாமா, சித்தப்பாக்களைச் சம்மதிக்க வைக்க இதுவும் உதவுகிறது.

அப்பாவோட ஏ.டி.எம். பின் எனக்குத் தெரியும். சத்தம் போடாம எடுத்துச் செலவு பண்ணிட்டா என்ன?

பாதி வீடுகளில் நடப்பது இதுதான், தெரியாத மாதிரி நடிக்க விரும்பவில்லை. வங்கி விதிப்படி பின் நம்பரை யாரிடமும் சொல்லக்கூடாது. நீங்கள் எடுப்பதற்குச் சட்டப்படி அதிகாரம் எதுவும் இல்லை. அப்பா புத்தித் தெளிவோடு இருந்தால் கூட்டுக் கணக்காக மாற்றுவதற்கு அரை மணி நேரம்தான். நினைவில்லாத நிலையில் எடுத்துவிட்டீர்கள் என்றால் ஒவ்வொரு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள், கூடப் பிறந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை கணக்கு அனுப்புங்கள். இறந்த பிறகு ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். இறந்த நாள் ராத்திரி எடுத்த 20,000 ரூபாய்க்காக மூன்று வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தங்கையை எனக்குத் தெரியும். அந்தப் பணம் பாடைக்கும் பந்தலுக்கும்தான் போனது.

எல்லாம் எழுதி முடிச்சுட்டேன். பத்திரமா லாக்கர்ல வெச்சுடட்டுமா?

லாக்கர் உங்கள் ஒருவர் பெயரிலா? நீங்கள் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது அதை யார் திறப்பார்கள்? நாமினிக்கும் அப்போது உரிமை இல்லை, மேலே சொன்னது ஞாபகம் இருக்கும். உயில் லாக்கரில் இருக்கலாம், அதைத் தேட அவசரமில்லை. லிவிங் வில், மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடும்ப டாக்டர் நம்பர், எந்த வங்கியில் என்ன கணக்கு என்ற ஒரு பக்கக் குறிப்பு, இவை ராத்திரி இரண்டு மணிக்கு, கண்ணாடி போடாமல் தேடினாலும் கையில் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். என்னுடையது ஃபிரிட்ஜ் மேல், கேஸ் புத்தகத்துக்கு அடியில், பச்சை ஃபைலில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.